கயிறு பிடிக்கிற கை

இதை எனக்கு முதலில் சொன்னது ரெஜினா அக்கா. பெரிய வியாழனுக்கு முந்தின நாள், கோயில் விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். என் மூத்த மகள் கல்யாணமாகிப் போன வருஷம் அது. அக்கா சொன்னபடியே எழுதுகிறேன். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அது என் மறதி.

கடற்கரையிலிருந்து ஒரு மைல் உள்ளே, செம்மணல் மேடாகக் கிடக்கிற தேரியில், சிலுவை நட்ட குருசடிக்குப் பக்கத்தில் ஓர் ஓலைக் குடிசை. அதில் ஒரு சாமி இருந்தார். தேரிச் சாமி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வடக்கே கரிசல் பக்கம் பிறந்தவர். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. கடல் அவருக்கு ஆகாது. அலை கணுக்காலைத் தொட்டாலே ஓடிப்போய் மேட்டில் ஏறிக்கொள்வார். சங்கு குளிக்கிற ஊருக்கு இப்படி ஒரு சாமி வந்து வாய்த்தாரே என்று சனங்கள் சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவரிடம் செபம் பழக வந்தவர்களில் இஞ்ஞாசியும் ஒருவன். சாமியைவிடப் பத்து வயது மூத்தவன். அந்தக் கரையில் அவனைப்போலக் கயிறு பிடிக்க ஆள் கிடையாது.

கயிறு பிடிப்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். சங்கு எடுக்கிறவர் மூச்சை அடக்கிக்கொண்டு ஆழத்துக்கு இறங்குவார். இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மறுமுனை வள்ளத்தில் ஒருவர் கையில். கீழே இருக்கிறவர் ஒரு தடவை வெட்டி இழுத்தால், மேலே இருக்கிறவர் தூக்கிவிட வேண்டும். அந்தக் கயிற்றைக் கண்டவர் கையில் கொடுக்க மாட்டார்கள். இறங்குகிறவரின் பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள். தங்கச்சி தாலிக்குப் பயந்தாவது ஒழுங்காகப் பிடிப்பான் என்று. இஞ்ஞாசி தன் தங்கச்சி புருஷன் கஸ்பாருக்குப் பதினாறு வருஷமாகக் கயிறு பிடித்தான்.

அப்படிப்பட்டவன் ஒரு நாள் காலையில் பதறிப்போய்த் தேரிக்கு வந்தான்.

"சாமி, ஒரு வார்த்தை கொடுங்க. கித்தேரிகிட்ட சொல்றதுக்கு."

கித்தேரி அவன் மனைவி. அவர்களுக்கு ஒரே மகள், சலேத். ஏழு வயதில் மணல்வாரி அம்மை கண்டு இறந்துபோனாள். பத்து மாதம் ஆகிறது. அதிலிருந்து கித்தேரி ஏதாவது பேச வாயைத் திறந்தால், "அன்னைக்கு மத்தியானம்" என்றுதான் ஆரம்பிப்பாள்.  பேசப் பேச அவள் அதிலேயே அமிழ்ந்துபோவாள் என்று இஞ்ஞாசிக்குப் பயம். "விடு கித்தேரி, மாதா பார்த்துக்குவா," என்பான். கஷாயம் வைக்கச் சொல்வான். உவரிக் கோயிலுக்குப் போய்வரலாம் என்பான். அவள் நிறுத்திக்கொள்வாள்.

இப்போது முழுக்கவே நிறுத்திவிட்டாள். இருபது நாளாக ஒரு பேச்சு இல்லை. சோறு பொங்கி வைக்கிறாள், துணி துவைக்கிறாள், அவ்வளவுதான். நேற்று சங்கு வாங்க வந்த பொம்பளை ஒருத்தி அவனிடம் சொன்னாளாம்: பொழுது சாயுறப்ப உன் பெண்டாட்டி தனியாகப் போய்க் கடலுக்குள் நிற்கிறாள், முந்தின நாள் இடுப்பு வரைக்கும் தண்ணீர் என்று.

கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து ஒளித்து வைத்துவிட்டு வந்திருந்தான் இஞ்ஞாசி. 

"என்ன சொன்னா அவ கரையேறுவா, சாமி?"

 நாளைக்கு வள்ளம் எத்தனை மணிக்குப் புறப்படும் என்று சாமி கேட்டார். தானும் வருவதாகச் சொன்னார்.

மறுநாள் சாமி வள்ளத்தில் ஏறியதை ஊரே நின்று பார்த்தது. வள்ளம் ஆடினபோதெல்லாம் அவர் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சாமி இடுப்புல ஒரு கயித்தைக் கட்டி வையுங்கப்பா, சங்குக்குப் பதிலா இவரைத் தேட வேண்டி வரும் என்றான் ஒருவன். போகிற வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தார்.

பாறைக்கு நேராக வள்ளத்தை நிறுத்தினார்கள். கஸ்பார் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். இஞ்ஞாசி கயிற்றை விரல்களுக்கு நடுவே விட்டுப் பிடித்தான். தளரவும் விடவில்லை, முறுக்கவும் இல்லை. பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களின் பேச்சு அவன் காதில் ஏறாமல் போனது.

கொஞ்ச நேரம் போனது. சாமி தண்ணீரை எட்டிப் பார்த்தார். கறுப்பாகக் கிடந்தது.

"இஞ்ஞாசி, ரொம்ப நேரமாச்சே."

அவன் கண் கயிற்றிலேயே இருந்தது.

"தூக்கிடேன்பா."

"கூப்பிடலை சாமி."

"செத்துகித்துப் போயிட்டாரோ என்னவோ."

"கயிறு அசையுது."

"அசைஞ்சா?"

"ஆள் இருக்காருன்னு அர்த்தம்."

கஸ்பார் வழக்கமாக மேலே வருகிற நேரம் தாண்டிவிட்டது. வள்ளத்தில் சிரிப்பு நின்றது. இஞ்ஞாசியின் நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ள அவன் கையை எடுக்கவில்லை. சாமி நகர்ந்து வந்து அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பல் கிட்டிக்கொண்டிருந்தது. அது நிஜப் பயமா, வேண்டுமென்று காட்டினதா என்று இஞ்ஞாசி பிற்காலத்தில்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

"உனக்குப் பயமா இல்லையா?"

"உசிரு போகுது சாமி. உங்க கையை எடுங்க. நீங்க பிடிச்சா எனக்கு அங்கே அசையறது தெரியலை."

சாமி கையை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் கயிறு வெட்டி இழுத்தது. ஒரே தடவை. இஞ்ஞாசி எழுந்து நின்று இழுத்தான். கஸ்பார் மேலே வந்து விளிம்பைப் பற்றிக்கொண்டு, நெடுநேரம் மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார். கயிறு ஒரு பாறைக்கு அடியில் செருகிக்கொண்டதாம். வந்த வழியே திரும்பிச் சுற்றிப்போய் எடுத்து விட்டாராம்.

"நடுவுல நீ ஒரு இழு இழுத்திருந்தா, மச்சான், பாறையோட சேர்த்துக் கட்டியிருப்பே என்னை."

இஞ்ஞாசி சாமியைப் பார்த்தான். சாமி மறுபடியும் வாந்தி எடுக்க வெளியே குனிந்திருந்தார்.

 கரைக்கு வந்த பிறகும் இஞ்ஞாசி வார்த்தை வேண்டும் என்று மறுபடி கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனான். கித்தேரி அடுக்களையில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தான். பேசு பேசு என்று இருபது நாளாகக் கெஞ்சினவன், அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் வள்ளம் கரையேறியதும் அப்படியே வந்து உட்கார்ந்தான். அப்போதுதான் பார்த்தான். அவள் சும்மா இல்லை. கல் இல்லாத இடத்தையே விரல் திரும்பத் திரும்பத் தடவியது. மூச்சு ஒரு இடத்தில் வந்து தட்டி நின்றது. பிறகு போனது. ஆள் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு மத்தியானம்," என்றாள்.

அவனுக்கு நாக்கு எழும்பியது. விரல்களை மடக்கிக்கொண்டான்.

"அப்பா எப்ப வருவார்னு கேட்டுக்கிட்டே இருந்தா. தூங்கு, தூங்கி எழுந்திரிக்கிறப்ப வந்துடுவார்னு சொன்னேன். தூங்கினா. நான்தானே தூங்கச் சொன்னேன்."

உன் மேல் என்ன தப்பு என்ற சொல் தொண்டைவரை வந்தது. அவள் இன்னும் முடிக்கவில்லை. அவன் முழுங்கிக்கொண்டான்.

அவள் அவனை நேராகப் பார்த்தாள்.

"அன்னைக்கு வள்ளம் சீக்கிரம் வந்துட்டுது. நீங்க வரலை. கரையில நின்னு பேசிக்கிட்டிருந்தீங்க. எனக்குத் தெரியும்."

பத்து மாதமாக அவன் எதற்குப் பயந்தானோ, அது இதுதான். அவளுக்காகப் பயந்ததாகவே அவன் நினைத்திருந்தான். எழுந்து வெளியே ஓடிவிடலாம் போல் இருந்தது. ஆமா என்பதுபோல் தலை மட்டும் அசைந்தது. உட்கார்ந்தே இருந்தான்.

அவள் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனாள். சாயங்காலம் தான் கடலில் இறங்குகிற இடம், சலேத் அவன் வள்ளத்தைப் பார்த்து நின்ற இடமாம். அங்கே நின்றால் பிள்ளை பக்கத்தில் நிற்பதுபோல் இருக்குமாம். அதற்காகத்தான் போனாளாம்.

பிறகு குரல் இறங்கிவிட்டது.

"நாலு நாளைக்கு முந்தி மட்டும் அதுக்காகப் போகலை. நெஞ்சு வரைக்கும் தண்ணி வந்துட்டுது. திரும்பி வந்துட்டேன். ஏன் வந்தேன்னு தெரியலை."

 அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

நேரம் போய்க்கொண்டே இருந்தது.

அப்புறம் கித்தேரி கையை நீட்டினாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து ஒரே தடவை இழுத்தாள்.

அவன் எழுந்துபோய் அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்து இஞ்ஞாசி தேரிக்குப் போனான். சாமி குருசடியைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தார். அவன் நடந்ததைச் சொன்னான். இப்போது சாயங்காலம் இரண்டு பேருமாகத்தான் போய்க் கடலில் நிற்கிறார்களாம். கிணற்றுக் கயிற்றைத் திரும்பக் கட்டிவிட்டானாம். சில நாள் அவள் பேசுகிறாள், சில நாள் இல்லையாம். தான் பதிலே சொல்வதில்லையாம், அவளாகக் கேட்டால் ஒழிய.

சாமி பெருக்குவதை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆனா சாமி, அவ வாயைத் திறக்கிறப்பல்லாம் நான் இன்னும் பயந்துக்கிட்டுதான் உட்கார்ந்திருக்கேன். இந்தப் பயம் போகவே இல்லை."

சாமி கேட்டார்:

"வள்ளத்துல அந்தப் பயம் என்னைக்குப் போயிருக்கு?"

 சாமி கையிலிருந்த விளக்குமாற்றை இஞ்ஞாசி வாங்கி, மிச்ச இடத்தைப் பெருக்கிவிட்டு வீட்டுக்குப் போனான்.

வாசித்தவர்கள் அந்தச் சின்னப்பிள்ளை சலேத்துக்காக ஒரே ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லுங்கள்.