வண்டிக்குச் சரி சொன்னவர்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு அறுபத்து மூன்று. குரு ஒரு பல் டாக்டர். சீடரை ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும், ஏனென்றால் அவர் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் முப்பத்தைந்து வருஷம் வீவிங் மாஸ்டராக இருந்தவர். ஆக, பெயரை வைத்துக் குழம்பிக்கொள்ள வேண்டாம். கற்றுக்கொடுத்தவர் டாக்டர் தாரணி. கற்றுக்கொண்டவர் தெய்வசிகாமணி.

டாக்டர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவார்கள். பழைய மோட்டார் சைக்கிளையும் சைக்கிளையும் வாங்கி, கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி ஓட்டிப் பார்ப்பதில் அவர்களுக்கு ஆசை. லாபம் கிடையாது. வீட்டில் நல்ல பெயரும் கிடையாது. இதையெல்லாம் யாரிடம் கற்றீர்கள் என்று டாக்டரைக் கேட்டால், "கழட்டித்தான் கத்துக்கிட்டேன்" என்பார்.

வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்ததும், அவரவர் கையால் சரிசெய்த வண்டியில் எல்லோரும் வால்பாறை போவார்கள். அதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு. தன் வண்டிக்குத் தானே சரி சொல்லக் கூடாது. முறை வைத்து, இன்னொருவர் வந்து பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, என்ஜினைக் காதால் கேட்டு, "போலாம்" என்று சொல்லி, பெட்ரோல் டேங்கில் சாக்பீஸால் ஒரு டிக் போட வேண்டும். டிக் விழுந்த வண்டி பயண நாள் வரை ஷெட்டிலேயே நிற்கும். டிக் இல்லாத வண்டி மலை ஏறாது, அது டாக்டருடைய வண்டியாக இருந்தாலும்.

"சொந்த வண்டின்னு வந்துட்டா நம்ம காது நமக்குச் சாதகமாத்தான் கேக்கும்" என்பது டாக்டர் சொல்லும் காரணம்.

அந்த வருஷம், பயணத்துக்கு முந்தின ஞாயிறு, டாக்டர் ஷெட்டில் இல்லை. யாருக்கோ கடைவாய்ப் பல் உடைந்து கிளினிக்குக்கு ஓடியிருந்தார். ரஹமத்துல்லாவின் வண்டிக்குச் சரி சொல்லும் முறை அன்றைக்குத் தெய்வசிகாமணிக்கு வந்தது.

ரஹமத்துல்லா தபால் ஆபீசில் வேலை பார்ப்பவர். எழுபத்தெட்டாம் வருஷத்து டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்று வைத்திருந்தார். அதை உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, கொஞ்சம் கவலையோடு கேட்டார்.

"மாஸ்டர், அடியில ஏதோ தட்டற மாதிரி இருக்குதுங்களே? இல்ல, எனக்குத்தான் அப்படித் தோணுதா?"

மாஸ்டர் குனிந்தார். என்ஜின் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். பெரிய வித்வான் கச்சேரி கேட்பது போலக் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிஷம் அப்படியே இருந்தார்.

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தட்டும் சத்தத்தை விடுங்கள், என்ஜின் ஓடுகிற சத்தமே ஏதோ அடுத்த தெருவில் ஓடுவது போலத்தான் இருந்தது.

"வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க. போலாம்" என்று சொல்லி டிக் போட்டார்.

இருநூறு தறிகள் ஒரே கூரைக்கடியில் ஓடும் இடத்தில் யார் பேச்சும் யார் காதிலும் விழாது. அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார்கள். தெய்வசிகாமணி நாற்பதடி தூரத்திலிருந்து பிடிப்பார். பிடிபடாவிட்டால் தலையை ஆட்டிவிடுவார். அது அங்கே பழக்கம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் ஓய்வு பெற்றபோது, அவருடைய காது அவருக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தது. டிவி சத்தத்தை வைத்து அக்கம்பக்கம் முழுக்க இது தெரியும். ஷெட்டுக்கு மட்டும் தெரியாது.

மகள் வாங்கிக் கொடுத்த காது மெஷின் பீரோவில், துணிகளுக்கு அடியில் கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு போனால் தெரிந்துவிடுமே. காது கேட்காதவனுக்கு என்ஜின் பக்கத்தில் என்ன வேலை என்று யாராவது கேட்டுவிட்டால்? ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் நாளாக இருந்தது. அது போய்விடும் என்று அவருக்குப் பயம், அவ்வளவுதான்.

கிளம்பும்போது ரஹமத்துல்லா சிரித்த முகமாக வந்து அவர் கையைப் பிடித்தார்.

"இந்தத் தடவை எங்க வீட்டுக்காரி மும்தாஜும் பின்னாடி உக்காந்து வர்றா மாஸ்டர். இருபது வருஷமா மலைன்னாலே வரமாட்டேன்னவ. மாஸ்டரே பார்த்துச் சரின்னுட்டாருன்னு போன்ல சொன்னேன். உடனே ஒத்துக்கிட்டா."

மாஸ்டர் தலையை ஆட்டினார். இந்த முறை ஒவ்வொரு சொல்லும் அவருக்கு நன்றாகவே பிடிபட்டிருந்தது.

திங்கட்கிழமை சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு. அவர் ஒவ்வொன்றாக மனதுக்குள் ஏறி இறங்கினார், ஒவ்வொன்றிலும் மும்தாஜ் பின்னால் உட்கார்ந்திருந்தார். புதன்கிழமை மதியம் டாக்டரின் கிளினிக்கில் போய் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டர் மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ கேட்டார். உதடு தெரியவில்லை. மாஸ்டர் தலையை ஆட்டினார்.

டாக்டர் கேட்டது, எந்தப் பல் வலிக்கிறது என்று.

மறுபடி கேட்டார். மாஸ்டர் இன்னும் பலமாக ஆட்டினார்.

டாக்டர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு, முகத்துக்கு நேராக வந்து பேசினார்.

"பல்லுல ஒண்ணும் இல்லைன்னு தெரியுது. என்ன விஷயம், மாஸ்டர்?"

"ஒரு சந்தேகமுங்க அம்மிணி. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவரெல்லாம் வண்டி வேலை பாக்கலாமுங்களா?"

"கொஞ்சம் மந்தமா, ரொம்ப மந்தமா?"

"ரொம்பத்தானுங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார்.

"நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு அவரை ஷெட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. பார்த்துச் சொல்றேன்."

வியாழக்கிழமை நாலு மணிக்கு மாஸ்டர் தனியாக வந்தார். அந்த ஒருத்தர் எங்கே என்று டாக்டர் கேட்கவில்லை. மேஜையிலிருந்து மரப்பிடி போட்ட நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அவரிடம் நீட்டினார். அப்புறம் மாஸ்டருடைய வண்டியையே ஸ்டார்ட் செய்தார்.

"நுனியை என்ஜின் மேல வைங்க. பிடியைக் கடிங்க."

"கடிக்கறதுங்களா?"

"கடிங்க. கீழ்வரிசைல பதினாலும் சொந்தப் பல்லு. நானே எண்ணியிருக்கேன்."

மாஸ்டர் வேட்டியை மடித்துக்கொண்டு மண்டியிட்டார். கூச்சத்தோடு பிடியைப் பல்லுக்கிடையில் வைத்தார். நுனியை என்ஜினில் ஊன்றினார்.

அப்படியே உறைந்துவிட்டார்.

தாடைக்குள் என்ஜின் ஓடியது. காதில் கேட்டதா, பல்லின் வேரில் நடுங்கியதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாக, ஒரே அளவாக, ஒன்று தவறாமல் வந்தது. இரண்டு வருஷம் தன் கையால் துடைத்து மாட்டிய வண்டியை அவர் முதல் தடவையாக அன்றைக்குத்தான் கேட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. வாயை எடுக்க மனம் வரவில்லை.

டாக்டர் வண்டியை நிறுத்தினார்.

"பல்லுக்கடியில ஒரு முடி சிக்கினாக்கூட நமக்குத் தெரியுதில்லீங்களா? அந்த நரம்புதான். பிடியைக் கடிச்சுட்டு இடம் மாத்தி மாத்தி வெச்சுப் பழகணும். ஆறு மாசம் ஆகும்."

"இத்தனை நாளு இதைச் சொல்லவே இல்லீங்களே!"

"நீங்க கேக்கவே இல்லையே."

மாஸ்டர் எழுந்தார். அவருடைய பார்வை வரிசையாக நின்ற வண்டிகளின் மேல் போனது. டேங்கில் வெள்ளை டிக்கோடு ரஹமத்துல்லாவின் வண்டி மூன்றாவதாக நின்றது. டாக்டர் அதைக் காட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

மாஸ்டரே போய் அதை உதைத்து ஸ்டார்ட் செய்தார். மண்டியிட்டுப் பிடியைக் கடித்தார். மேலே வைத்தார், சரியாக இருந்தது. நடுவில் வைத்தார். கீழே, கிராங்க் இருக்கும் பக்கம் கொண்டுபோனதும் பல்லில் சுத்தியலால் தட்டுவது போல விழுந்தது. டொக். டொக். டொக். தனக்குப் பட்டது தப்பாக இருக்கக் கூடாதா என்ற ஆசையில் இன்னும் இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தார்.

"உள்ள ராடு பேரிங் தேஞ்சு போயிருச்சுங்க அம்மிணி."

"ஆமா. இங்க நின்னாலே கேக்குது."

அந்தப் பதில் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. டாக்டர் நின்றது ஆறடி தள்ளி.

"இதோட மலை ஏறியிருந்தா?"

"என்ஜின் சுத்தாம இறுகிப் பிடிச்சிருக்கும். பின்சக்கரம் அப்படியே நின்னுரும். நேர் ரோடுன்னா கிளட்சைப் பிடிச்சுச் சமாளிக்கலாம். வளைவுல, பின்னாடி ஆள் இருந்தா, தெரியலை."

மாஸ்டர் வண்டியை நிறுத்தினார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீங்களே ரஹமத் பாய்கிட்டச் சொல்லிருங்க. நீங்க சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்க, தட்டுதுன்னு. எப்படியோ வண்டி மலைக்குப் போகாம நின்னாப் போதுமில்லீங்களா?"

மாஸ்டர் தலையை நிமிர்த்தி டாக்டரின் உதட்டைப் பார்த்தார்.

"வண்டி நிக்கும்."

"அப்புறமென்னங்க?"

"டிக் நான் போடலையே, மாஸ்டர்."

டாக்டர் போன் செய்து கூப்பிட, ஆபீஸ் முடிந்த கையோடு ரஹமத்துல்லா வந்தார். சாப்பாட்டுப் பை தோளில் தொங்கியது. என்னமோ ஏதோவென்று வந்தவர் முன்னால் மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து வருஷத்தில் மேனேஜர் முன்னால்கூட அவர் அப்படி நின்றதில்லை.

"ரஹமத் பாய், உங்க வண்டிக்கு நான் டிக் போட்டது பொய்யிங்க."

"என்ன மாஸ்டர் சொல்றீங்க?"

"அன்னிக்கு எனக்கு ஒரு சத்தமும் கேக்கலீங்க. எனக்குக் காது போயி ரொம்ப வருஷமாச்சு. தெரிஞ்சா இங்க சேத்துக்க மாட்டாங்களோன்னு மறைச்சுட்டேன். உங்க வண்டி தட்டுது. ராடு பேரிங். எடுத்துட்டுப் போகாதீங்க."

சொல்லிவிட்டு, டேங்கில் தான் போட்ட டிக்கை உள்ளங்கையால் அழித்தார். கொஞ்சம் போகவில்லை. எச்சில் தொட்டு அழித்தார்.

ரஹமத்துல்லா வண்டியின் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, ஆனால் மாஸ்டருக்குத் தெரியும்படி முகத்தைத் திருப்பிச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு நல்லாவே கேட்டுதுங்க மாஸ்டர். நீங்க இல்லைன்னீங்க. சரி, நம்ம காதுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டேன். அவளைப் பின்னாடி உக்கார வெச்சுக்கிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே போயிருப்பேன்."

"தப்புத்தானுங்க."

"தப்புத்தான்" என்றார் ரஹமத்துல்லா.

டாக்டர் டீ போடட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார். வர்றேன் என்றுகூடச் சொல்லாமல் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பயணம் கைவிட்டுப் போயிற்று, வீட்டில் மும்தாஜிடம் இனி அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மாஸ்டர் தன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார். பதினாலாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர், பத்தாம் நம்பர். எல்லாவற்றையும் வைத்து ஜிப்பை இழுத்தார்.

"அம்மிணி, நான் இனி வரலீங்க."

"சரி" என்றார் டாக்டர்.

இருங்கள் என்று சொல்வார் என மாஸ்டர் கொஞ்சம் எதிர்பார்த்திருந்தார். அதை மறைக்கப் பையின் வாரைச் சரிசெய்தார்.

"ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் ஒரு நடை வந்துட்டுப் போங்க."

"எதுக்குங்க?"

"நாங்க ஆறு மணிக்குக் கிளம்பறோம். என் வண்டிக்கு இன்னும் யாரும் சரி சொல்லலை. நீங்க பார்த்துச் சொல்லணும்."

மாஸ்டருக்குக் கோபமே வந்துவிட்டது.

"விளையாடாதீங்க அம்மிணி. இவ்வளவு நடந்திருக்குது. காது நல்லா இருக்கறவங்க ஆறு பேரு இருக்கறாங்க. அவங்கள்ல ஒருத்தரைக் கூப்பிடுங்க."

டாக்டர் அவருக்கு நேராக வந்து நின்றார். உதடு நன்றாகத் தெரியும்படி, நிதானமாகச் சொன்னார்.

"கேக்கலைன்னா கேக்கலைன்னு அவங்க சொல்லுவாங்களான்னு எனக்குத் தெரியாது, மாஸ்டர். நீங்க சொல்லுவீங்க."