கரடிக் குட்டிக்குத் தலை பெரிசாம்!

இலுப்பைக் காட்டில் செவ்வந்தி என்றொரு கரடி இருந்தாள். அவளுடைய ஒரே குட்டி மொந்தன். அவனுக்கு உடம்பு சின்னது, தலை பெரிது. மற்ற குட்டிகள் மரம் ஏறிக் கூத்தடிக்கும் வயதில், மொந்தன் அம்மாவின் முதுகை விட்டு இறங்க மாட்டான். இறக்கிவிட்டால் தலை முன்னே போகும், கால் பின்னே தங்கும். தொப்பென்று விழுவான். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து எறும்பு தின்பான்.

பக்கத்து மரத்துக் குரங்கு மினுக்கிக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏண்டி செவ்வந்தி! உன் பிள்ளைக்கு இருக்கிறது தலையா, பலாப்பழமா?"

"போங்கக்கா! குழந்தையைக் கண்ணு வைக்காதீங்க!"

"குளிப்பாட்டும்போது தலையைப் பிடிச்சு விட்டியா? நாங்க பிள்ளை பிறந்த அன்னைக்கே உருட்டி உருட்டிப் பிடிச்சிடுவோம். என் பிள்ளை தலையைப் பாரு, எலுமிச்சம்பழம்! கிளைக்குக் கிளை தாவுறான்!"

செவ்வந்தி மொந்தனின் தலையைத் தடவிப் பார்த்தாள். ஐயோ, அவள் பிடித்தே விடவில்லையே! அன்று முழுக்க அவளுக்குத் தேன்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

அவள் புருஷன் கட்டாரி அலட்டிக்கொள்ளவில்லை. "தலை பெரிசா இருந்தா மூளை பெரிசா இருக்கும், போ புள்ள!"

"எறும்பு எது, கல்லு எதுன்னு தெரியாம கல்லை மெல்லுறான்! மூளையாம் மூளை!" என்று செவ்வந்தி அழுதேவிட்டாள். "என் பிள்ளை கடைசிவரைக்கும் இப்படியே இருந்துடுவானோன்னு பயமா இருக்குங்க."

அதைக் கேட்டதும் மினுக்கி குதித்து இறங்கினாள். "அழாதே! அந்த மரத்துப் பொந்துல இவன் தலையை விட்டு ஒரு நாள் வச்சிரு. இறுகி அளவுக்கு வந்துடும். என் கைவைத்தியம் தப்பாது!"

செவ்வந்தி குட்டியைத் தூக்கிப் பொந்தருகே கொண்டுபோனாள். மொந்தன் வீல் என்று அலறினான். அவள் அவனை மார்போடு அணைத்துக்கொண்டாள். பெற்ற வயிறு அல்லவா!

"பொறு! உள்ளே பாம்பு கீம்பு இருக்கப் போகுது. முதல்ல நான் பார்க்கிறேன்" என்று கட்டாரி தன் தலையை நுழைத்தான். கொஞ்சம் முக்கினான். தலை உள்ளே போய்விட்டது.

"புள்ள! வரல!"

"என்னங்க வரல?"

"தலை!"

செவ்வந்தி ஒரு காலை இழுத்தாள். மினுக்கி மறு காலை இழுத்தாள். கட்டாரி கத்தினானே தவிர, தலை அசையவில்லை. தண்ணீர் குடிக்க வந்த ஆனைப் பெரியம்மா துதிக்கையை அவன் இடுப்பில் சுற்றி ஒரே இழுப்பாக இழுத்தாள். டொப்! கட்டாரி பறந்துபோய் மினுக்கிமேல் விழுந்தான். அவள் "ஐயோ, என் இடுப்பு!" என்று மரத்தில் ஏறியவள்தான், இறங்கவே இல்லை.

நடந்ததைக் கேட்ட ஆனை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "தலை பெரிசுன்னு ஆனைகிட்டயே சொல்றியா? கண்ணு, உன் புருஷன் தலையை என்னைக்காவது பார்த்திருக்கியா?"

செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள். பொந்தில் சிக்கிய அந்த அண்டாத் தலை! மரத்தடியில் அதே மாதிரித் தலையோடு மொந்தன்!

"அட, அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்! கட்டிக்கிட்ட நாளா பார்க்கிறேன், எனக்குத் தோணலையே!" அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஆனை சும்மா போகவில்லை. எத்தனையோ குட்டிகளைப் பார்த்தவள் அவள். மொந்தனைக் கூப்பிட்டாள், திரும்பினான். பழத்தை ஒளித்தாள், தேடினான். காலை நீவிப் பார்த்தாள்.

"தலையில ஒண்ணும் கோளாறு இல்லை. நடைதான் தாமதம், அதை இல்லேன்னு சொல்ல மாட்டேன். நீ முதுகிலேயே சுமந்தா காலுக்கு என்ன வேலை? தினமும் இறக்கி விடு, விழட்டும், எழட்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி என்கிட்ட கொண்டுவந்து காட்டு."

செவ்வந்தி குட்டியை இறக்கிவிட்டாள். அவன் விழுந்தான். எழுந்தான். மறுபடி விழுந்தான். அவள் பெருமூச்சு விட்டாள், தூக்கவில்லை.

பிள்ளையைப் பற்றிக் கவலை வந்தால் விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்; ஊர் வாயை நம்பிப் பிள்ளையின் தலையைப் பொந்தில் விடக் கூடாது.