உயிரோடு பாடையேறிய தண்டநாயகர்

முன்னொரு காலத்தில், யானையும் அரசனும் மட்டுமே யாருக்கும் வழிவிடாமல் நடந்த ஒரு நாட்டை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் பசி வந்துவிட்டால் பொறுமை போய்விடும்.

ஒருநாள் ஒரு திருடனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். யாரோ வீட்டு மதில்மேல், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அகப்பட்டவன். அவன் திருடினானா, திருடவில்லையா என்று பண்டிதர்கள் காலையில் வாதாடத் தொடங்கினார்கள். உச்சிவேளை கடந்தும் முடியவில்லை. சமையல்கட்டிலிருந்து நெய் காயும் மணம் சபைவரை வந்தது.

“போதும்!” என்று கத்திவிட்டான் ராஜா. “அரைத் திருட்டு, கால் கொலை என்றெல்லாம் எனக்குப் பிரிக்கத் தெரியாது. முயன்றால் செய்ததே! செய்தவனுக்கு என்ன தண்டனையோ, அதுவே முயன்றவனுக்கும். இதுதான் இனிச் சட்டம்.”

“ஆஹா, மனுநீதி!” என்று முதலில் எழுந்து கைதட்டியவர் தண்டநாயகர் உக்கிரசேனர். நாட்டில் தண்டனைகளை நிறைவேற்றும் அதிகாரி அவர். அன்று மாலைக்குள் திருடனின் வலது கையை வெட்டிவிட்டார். எதையும் தொட்டிராத கை.

பத்து நாள்கூட ஆகவில்லை. அஞ்சுகம் என்ற பூக்காரியைக் கட்டி இழுத்து வந்தார்கள். அவளுடைய பூந்தோட்டத்தைத் தம் குதிரை லாயத்துக்கு வேண்டுமென்று உக்கிரசேனர் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஏனென்று கேட்கப்போன அவள் அண்ணனைச் சவுக்கால் அடித்ததில் அவனுக்கு ஒரு கண் போயிற்று. அவள் மோரில் நஞ்சைக் கலந்து எடுத்துக்கொண்டு தண்டநாயகர் வீட்டு வாசலுக்குப் போனாள். போனவள், கலயத்தைத் தானே கீழே போட்டு உடைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். காவலர்கள் கேட்டபோது மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

“கொல்லத்தான் போனாயா?” என்று கேட்டான் ராஜா.

“ஆமா ராசா. கொல்லணும்னுதான் போனேன். அவரு வாசலுக்கு வந்து, முதுகைச் சொறிஞ்சுக்கிட்டுக் கொட்டாவி விட்டாரு. எங்க அண்ணன் காலையில நிக்கிற மாதிரியே இருந்துச்சு. அப்புறம் கை வரலை.”

ராஜாவே சற்றுத் தயங்கினான்.

“பிரபு, முயன்றால் செய்ததே என்பது தங்கள் திருவாக்கு” என்றார் உக்கிரசேனர். “என்னைக் கொன்றவளுக்குக் கழுமரம்தான் தண்டனை. மாலையில் நிறைவேற்றிவிடுகிறேன்.”

அப்போது விகடன் ஏகாம்பரன் எழுந்தான். ராஜாவைச் சிரிக்கவைத்துப் பிழைப்பவன். ராஜா அவன் பேச்சைக் கேட்கிறானே என்று உக்கிரசேனருக்கு அவன்மேல் நெடுநாளாகவே எரிச்சல்.

“அரசே, இந்தப் பெண்ணை...” என்று அவன் தொடங்கியதும் உக்கிரசேனர் திரும்பினார்.

“யோசித்துப் பேசும், விகடரே. கழுவிலிருந்து ஒரு குற்றவாளியைத் தப்பவைக்க முயல்கிறீரா? முயன்றால் செய்ததே. அதற்கும் கழுதான்.”

ஏகாம்பரன் அஞ்சுகத்தைப் பார்த்தான். அவள் யாரையும் பார்க்கவில்லை. ராஜாவை நோக்கிக் கை கூப்பினான்.

“நான் அவளுக்காக ஒன்றும் கேட்கவில்லை, பிரபு. தீர்ப்பை ஓலையில் எழுதி முத்திரை வைத்துத் தாருங்கள். தண்டநாயகர் உக்கிரசேனர் கொலையுண்டார், கொன்றவள் அஞ்சுகம் என்று. பிறகு ஆகவேண்டிய காரியங்களைப் பார்க்க எனக்கு அனுமதி வேண்டும்.”

ராஜாவுக்கு மறுபடியும் பசி. “எழுதிக் கொடுங்கள். ஆகவேண்டியதைச் செய்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

ராஜா சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவந்து சபையில் அமர்ந்தான். வெளியே சங்கு ஊதும் ஓசை கேட்டது. பிறகு பறை. வாசல்வழியாகப் பச்சை மூங்கில் பாடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் உள்ளே வந்தார்கள். பின்னால் தலைவிரி கோலமாக மூன்று ஒப்பாரிப் பெண்கள். முன்னால் தீச்சட்டியுடன் ஏகாம்பரன்.

அரியணையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டான் ராஜா. “யார் செத்தது?”

“தண்டநாயகர், பிரபு” என்று ஓலையை நீட்டினான் ஏகாம்பரன். “கொலையுண்டவரைப் பொழுது சாய்வதற்குள் எரித்துவிட வேண்டும் அல்லவா?”

அடுத்த நொடி அந்த நாலு பேரும் உக்கிரசேனரை இருக்கையோடு சாய்த்து, அலக்காகத் தூக்கிப் பாடையில் கிடத்தினார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். மூக்கில் பஞ்சை அடைத்தார்கள்.

“விடுங்கடா! டேய், நான் உயிரோட இருக்கேன்டா!” சபையில் அதுவரை செந்தமிழைத் தவிர வேறொன்றும் பேசாதவர் அவர்.

காவலர்கள் வேலோடு ஓடிவந்தார்கள். ஓலையில் ராஜ முத்திரையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்கள். உக்கிரசேனரைத் தொட்டால் முத்திரையை மீறியதாகும். தொடாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே அவர்களுக்குப் பயமாக இருந்தது.

“ஏன் அழாமல் நிற்கிறீர்கள்?” என்று ஒப்பாரிப் பெண்களைக் கேட்டான் ஏகாம்பரன்.

“நாங்க என்ன செய்ய சாமி? இவரைப் பத்தி நல்லதா ஒரு சொல்லு கிடைச்சாத்தானே பாட முடியும்?” என்றாள் மூத்தவள்.

பாடை அரண்மனை முற்றத்துக்குப் போனது. அங்கே விறகும் வறட்டியும் தயாராக அடுக்கிக் கிடந்தன. ராஜா செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடிவந்தான். நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தான். தன் தீர்ப்பைத் தானே பொய்யென்று சொல்வது எப்படி என்று தெரியாமல் நின்றான். முற்றத்தின் ஓரத்தில் நட்டிருந்த கழுமரத்தடியில் கட்டிப்போட்டிருந்த அஞ்சுகம் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஏகாம்பரன் பந்தத்தைத் தீச்சட்டியில் பற்றவைத்து விறகை நோக்கிக் குனிந்தான். சூடு முகத்தில் பட்டதும் உக்கிரசேனர் அலறினார்.

“என்னை உயிரோடு கொளுத்தப் பார்க்கிறான்! கொலை முயற்சி! முயன்றால் செய்ததே! பிரபு, இந்த விகடனைக் கழுவில் ஏற்றுங்கள்!”

ஏகாம்பரன் பந்தத்தைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டான்.

“அப்படியானால் தாங்கள் உயிரோடு இருக்கிறீர்களா, தண்டநாயகரே?”

“இருக்கிறேன்! இருக்கிறேன்!”

“பிரபு, கொலையுண்டவரே சாட்சி சொல்கிறார். இவர் உயிரோடு இருந்தால் அந்தப் பெண் யாரையும் கொல்லவில்லை. இல்லை, இவர் செத்தவர்தான் என்றால், நான் பிணத்துக்குத் தீ வைக்கப் போனேன். அது குற்றமில்லை. அந்தப் பெண்ணையா, என்னையா, யாரைக் கழுவில் ஏற்றுவதென்று அரசர் சொல்லட்டும்.”

ராஜா பதில் சொல்வதற்குள் உக்கிரசேனர் பெருந்தும்மல் ஒன்று தும்மினார். மூக்கிலிருந்த பஞ்சு இரண்டும் பறந்துவந்து ராஜாவின் மார்பில் ஒட்டிக்கொண்டன. ராஜா சிரித்தான். அடக்கப் பார்த்தும் முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். முற்றமே சிரித்தது. சிரிப்பு ஓய்ந்தபோது அவன் பார்வை கழுமரத்தின்மேல் விழுந்தது.

“நினைப்பது ஒன்று” என்றான் மெதுவாக. “அதற்கு ஆயத்தம் செய்வது ஒன்று. கைவைப்பது ஒன்று. முடிப்பது வேறொன்று. நினைப்புக்குத் தண்டனையே இல்லை. மற்றவற்றில் கீழ்ப்படிக்கு மேற்படியின் தண்டனையைக் கொடுக்கக்கூடாது. தானாக மனம் மாறிக் கையை எடுத்தவருக்கு இன்னும் குறைவு. இதை எழுதுங்கள்.”

அஞ்சுகம் நஞ்சு கலந்தது பிழைதான் என்று, ஆறு மாதம் கோயிலுக்குக் கூலியில்லாமல் பூத்தொடுக்கச் சொன்னான். பூந்தோட்டம் அவளிடமே திரும்பியது. உக்கிரசேனர் பதவியை இழந்தார். அவளுடைய அண்ணனின் கண்ணுக்காக அவர்மேல் தனி விசாரணை நடந்தது. அஞ்சுகத்தின் கட்டை அவிழ்த்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. “நிசமாவா?” என்று காவலனை மூன்று முறை கேட்டாள்.

ராஜா தன் கையிலிருந்த மாணிக்கக் கடகத்தைக் கழற்றி, ஏகாம்பரனுக்குத் தானே போட்டுவிட வந்தான். போட முடியவில்லை. ஏகாம்பரனின் கை அவ்வளவு நடுங்கிக்கொண்டிருந்தது.

“எல்லாம் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன பயம்?” என்று கேட்டான் ராஜா.

“பந்தம் பக்கத்தில் வந்ததும் அவர் சட்டத்தைச் சொல்லிக் கத்துவார் என்று நினைத்தேன், பிரபு. கத்தினார். பயத்தில் அவருக்குக் குரலே எழும்பாமல் போயிருந்தால்... அதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை.”

ராஜா திடுக்கிட்டு அவனைப் பார்த்தான். பிறகு வெடித்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே அந்த நடுங்கும் கையை இறுக்கிப் பிடித்துக் கடகத்தை மாட்டினான்.