கறையான் போட்ட உருண்டை

ஒரு காட்டில், இலுப்பை மரங்கள் அடர்ந்த மலைச்சரிவில், சடைச்சி என்ற கரடி வாழ்ந்து வந்தாள். அவளுக்கு ஒரே மகள். நெஞ்சில் பளிச்சென்று வெள்ளைப் பிறையோடு பிறந்ததால் வெள்ளச்சி என்று பெயர் வைத்திருந்தாள்.

கரடிக் குட்டி அம்மாவின் முதுகில் ஏறித்தான் காட்டைச் சுற்றிப் பார்க்கும். அது உங்களுக்குத் தெரியுமா, குழந்தைகளே? வெள்ளச்சியும் அப்படித்தான் வளர்ந்தாள். அம்மாவின் சடைமுடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புற்றுக்குப் போம்மா! இந்த மரத்துக்குப் போம்மா!" என்று முதுகிலிருந்தே அதிகாரம் செய்வாள். சடைச்சிக்கு அந்தப் பாரம் ஒரு நாளும் வலித்ததில்லை.

இப்போது வெள்ளச்சி வளர்ந்துவிட்டாள். முள்ளம்பன்றி வாத்தியார் பாறையடியில் நடத்திய வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் மகள் கிளம்பிப் போனதும் சடைச்சிக்கு முதுகு வெறிச்சென்று இருக்கும். அந்தப் பழைய பாரத்தை நினைத்து ஏங்கிக்கொண்டே, பசிக்காவிட்டாலும் புற்றுகளைச் சுற்றிச் சுற்றி வருவாள்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஆண்டில் ஒவ்வொரு மாணவரும் ஆற்றுத்துறைச் சந்தையில் மூன்று முறை கடை போட வேண்டும். தன் கையால் செய்த பண்டத்தைக் கொடுத்து, மற்ற விலங்குகள் கொண்டுவருவதை மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாம் சந்தைக்கு யானைகள் வரும். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள காடுகளுக்கெல்லாம் போய் வியாபாரம் செய்யும் கூட்டம் அது. ஆண்டுக்கு ஒரே ஒரு மாணவரைத்தான் தங்களோடு சேர்த்துக்கொள்ளும்.

சின்ன வயதில், அம்மாவின் முதுகில் இருந்தபடி அந்த யானை வரிசையைப் பார்த்த நாளிலிருந்து வெள்ளச்சிக்கு அதே கனவுதான்.

முதல் சந்தைக்காக அவள் இலுப்பைப் பூவையும் தேனையும் பிசைந்து உருண்டை பிடித்தாள். கரடிப் பிள்ளை அல்லவா? ஒவ்வொன்றிலும் கறையானைத் தாராளமாகச் சேர்த்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"அமிர்தம்டி!" என்றாள் சடைச்சி. அது பொய்யில்லை. ஆனால், 'மானும் முயலும் கறையானைத் தின்னுமா?' என்ற கேள்வியும் அவள் நாக்கு நுனி வரை வந்தது. மகளின் கண்ணில் தெரிந்த பூரிப்பைப் பார்த்ததும், அதை உருண்டையோடு சேர்த்து விழுங்கிவிட்டாள்.

சந்தையன்று சடைச்சி ஒரு நாவல் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தாள். மான் வந்தது, மோந்தது, போய்விட்டது. வெயில் ஏறியது. வெள்ளச்சி உருண்டைகளின் மேல் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். மகளின் முகம் சுண்டிப் போனதைப் பார்க்கச் சடைச்சிக்கு மனம் தாங்கவில்லை. வழியில் போன முயலைப் பிடித்துக்கொண்டாள்.

"முயலண்ணே, என் மக கடையில ரெண்டு உருண்டை வாங்கிக்க. வள்ளிக்கிழங்கு தோண்டித் தர்றேன்."

"கறையான் உருண்டையையா? நான் எப்படிக்கா தின்பேன்?"

"தின்னுன்னு யாரு சொன்னா? வாங்கு, போதும். அவகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே!"

முயல் சும்மா இருக்குமா? கரடி கிழங்கு தோண்டித் தருகிறாளாம், மரமேறி நெல்லிக்காய் உலுக்கித் தருகிறாளாம் என்ற சேதி காதும் காதும் வைத்தாற்போல் சந்தை முழுக்கப் பரவியது. உச்சி வெயிலுக்குள் வெள்ளச்சியின் கடை காலியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "எல்லாருக்கும் கறையான்னா உயிரும்மா! அடுத்த தடவை இன்னும் கூடப் போடப்போறேன்!"

சடைச்சி அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நகம் மழுங்கிய கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

இரண்டாம் சந்தையிலும் அதே கதைதான். முள்ளம்பன்றி வாத்தியார் மட்டும், "வாங்கினவங்க தின்னதைப் பார்த்தியா?" என்று கேட்டார். வாத்தியாருக்கு எதிலும் சந்தேகம்தான் என்று வெள்ளச்சி சிரித்துவிட்டு வந்துவிட்டாள்.

மூன்றாம் சந்தைக்கு யானைகள் வந்தன. தலைவி யானை நேராக வெள்ளச்சியின் கடைக்கு வந்தது.

"உன் பண்டம்தான் இங்கே அமோகமாப் போகுதாமே?" என்று கேட்டு, ஒரு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டது. இரண்டு தடவை மென்றது. அவ்வளவுதான், தூவென்று துப்பிவிட்டது.

"கறையானா? நாக்கெல்லாம் ஊருதே! இதை யாரும்மா தின்னாங்க?"

"எல்லாரும்தான்! முயலண்ணனைக் கேளுங்க!" என்றாள் வெள்ளச்சி.

தலைவி யானை எதிரே நின்று கேட்டால் முயலுக்குப் பொய் வருமா? "நாங்க எங்கே தின்னோம்? அந்தப் பாறைக்குப் பின்னால போய்ப் பாருங்க. இவங்கம்மா குடுத்த கிழங்குக்காகத்தான் வாங்கினோம்" என்று கொட்டிவிட்டது.

பாறைக்குப் பின்னால் உருண்டைகள் குவியலாகக் கிடந்தன. அத்தனையிலும் எறும்பு மொய்த்திருந்தது. அந்த ஆண்டு யானைகள் ஒரு நீர்நாய்ப் பையனை அழைத்துக்கொண்டு போய்விட்டன.

வெள்ளச்சி விடுவிடுவென்று வீட்டுக்கு நடந்தாள், சடைச்சி பின்னாலேயே ஓடினாள். குகை வாசலில் நின்றுதான் கேட்டாள்.

"யாரும் தின்ன மாட்டாங்கன்னு உனக்குத் தெரியும். ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"உன் முகம் வாடுறதைப் பார்க்க முடியலைடி. நீ இன்னும் என் முதுகுல இருக்கிற மாதிரியே நெனச்சுட்டேன்."

"நான் மரமேறப் பழகினப்போ மூணு தடவை விழுந்தேன், ஞாபகம் இருக்கா? நீ என்னைத் தூக்கி உச்சியில வைக்கலை. கீழேயே நின்னு, 'அந்தக் கிளை உளுத்தது, இந்தப் பக்கம் கால் வை'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தே. எனக்கு அந்த அம்மாதான் வேணும்."

சடைச்சி அழுதுவிட்டாள். அந்த மரமும், அன்றைய வெயிலும், சிராய்த்த முழங்காலோடு மறுபடி மறுபடி ஏறிய குட்டியும் அவள் கண்முன் வந்து நின்றன. அன்று தெரிந்தது எப்படி மறந்து போயிற்று?

வெள்ளச்சி இன்னும் ஓர் ஆண்டு பள்ளிக்குப் போனாள். இந்த முறை சடைச்சி மகளை மான் மேயும் புல்வெளிக்கே கூட்டிக்கொண்டு போனாள்.

"மானக்கா, இதைத் தின்னு பார்த்து உள்ளதைச் சொல்லு. முகத்துக்காகச் சொல்லாதே."

"பூ நல்லாத்தான் இருக்கு. புழு பூச்சி வேண்டாம்மா. கொஞ்சம் புளிப்பு இருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்றது மான்.

வெள்ளச்சி கறையானை விட்டாள், நெல்லிக்காயைச் சேர்த்தாள். மாலையில் அவள் சந்தையிலிருந்து திரும்பி வந்ததும், "இன்னிக்கு யாரு மோந்து பார்த்துட்டு வாங்காமப் போனாங்க? ஏன்னு கேட்டியா?" என்று சடைச்சி விசாரிப்பாள். முதல் சந்தையில் விற்றது மூன்றே உருண்டைகள். முயலைத் தேடி ஓடச் சொல்லிச் சடைச்சியின் கால் பரபரத்தது. ஆனால் அவள் நாவல் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் சந்தையில் பாதி போயிற்று. மூன்றாம் சந்தையில் தலைவி யானை ஒன்றைத் தின்றுவிட்டு, இன்னொன்றுக்குத் துதிக்கையை நீட்டியது.

யானைக் கூட்டத்தோடு வெள்ளச்சி கிளம்பும் நாளன்று, "முதுகுல ஏறிக்கோம்மா, ரொம்ப தூரம்" என்றது தலைவி யானை.

"வேண்டாம், நடந்தே வர்றேன்" என்றாள் வெள்ளச்சி.

கடைசி யானையின் வால் மறையும் வரை சடைச்சி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெல்ல நடந்து குகைக்கு வந்தாள். அவள் படுக்கும் இடத்தில் தேக்கிலையில் பொதிந்த ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒரே ஒரு இலுப்பைப்பூ உருண்டை. அதில் வேண்டிய மட்டும் கறையான் போட்டிருந்தது.

நீதி: பிள்ளைக்காகப் பெற்றோர் மரமேறக் கூடாது, கீழே நின்று, உளுத்த கிளை எது என்று உள்ளபடி சொல்ல வேண்டும்.