நோட்டீஸ் போகாத வீடு

சென்னியப்பன் நகரசபையில் வருவாய் ஆய்வாளர். கறார் பேர்வழி. அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே பாக்கிக்காரர்கள் பின்வாசலைத் தேடுவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன் அன்று காலையில் செங்காட்டு நகர்ச் சாமியார் வீட்டுக்கு வந்து, அவர் முன்னால் உட்காரக்கூடத் தோன்றாமல் நின்றார். சம்சாரம் போன பிறகு அவர் மனம்விட்டுப் பேசுவது இந்தச் சாமி ஒருத்தரிடம்தான்.

"என்னப்பா, முகம் செத்துக் கெடக்குது?"

"இன்னிக்குச் சாந்தாமணி வீட்டுக்குச் சீல் வெக்கோணுங்க சாமி. ரோடு, சாக்கடை, விளக்குன்னு இந்த நகருக்கு வளர்ச்சிக் கட்டணம் போட்டமில்லீங்களா, அதை அவ கட்டலீங்க. நோட்டீஸ் மேல நோட்டீஸ் குடுத்தாச்சு."

"ஏன் கட்டலியாம்?"

"மனை வித்தவன்கிட்டயே குடுத்துட்டேங்கறா. அவன் சுருட்டிட்டு ஓடிட்டான். புருஷனும் இல்லீங்க. சின்னப் பிள்ளைகளை வெச்சுக்கிட்டு இருக்கா."

"அப்ப விட்டுரு."

"எப்படிங்க? தாலிக்கொடியை அடகு வெச்சுக் கட்டுனவங்க இருக்காங்க. நாங்க என்ன இளிச்சவாயங்களான்னு கேப்பாங்க. புடிச்சாப் பாவம், விட்டா அநியாயம். எது நியாயம்னு நீங்கதான் சொல்லோணும்."



"இந்த வீடும் செங்காட்டு நகர்லதான இருக்குது?"

"ஆமாங்க."

"நானுந்தான் கட்டல. எனக்கு ஏன் நோட்டீஸ் வரல?"

 அந்த நோட்டீசை அனுப்பவிடாமல் நிறுத்தி வைத்தவரே சென்னியப்பன்தான்.

"உங்ககிட்டப் போயி... எப்படிங்க சாமி..."

சாமி எழுந்து உள்ளே போனார். பாய், செம்பு, மாற்று வேட்டி. மொத்தச் சொத்தே அவ்வளவுதான். வெளியே கொண்டுவந்து வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"பூட்டும் அரக்கும் பையிலதான இருக்குது?"

"இருக்குதுங்க."

"வை."

"வேண்டாங்க சாமி. பாவியாயிருவேன்."

"சாந்தாமணி வீட்டுக்கு வெச்சா ஆக மாட்டியா? வை."

சாமி ஒன்று சொன்னால் சொன்னதுதான். மறுபேச்சுக் கிடையாது. சென்னியப்பன் பூட்டைப் போட்டு, துணியைச் சுற்றி, அரக்கை உருக்கினார். விரலில் சூடு பட்டதுகூடத் தெரியவில்லை. முத்திரையை அழுத்தும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனையோ கதவுகளுக்குச் சீல் வைத்த கைதான். ஆனால் எந்தக் கதவும் அவரை இந்தப் பாடு படுத்தியதில்லை.

சாமி மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்தார். மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

சென்னியப்பனால் தாங்க முடியவில்லை.

"சாமி, ராத்திரிக்கு எங்கீங்க படுப்பீங்க?"

சாமி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அத்தனை நோட்டீஸ் குடுக்கப் போனியே சென்னியப்பா, ஒருதரமாச்சும் இதை அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டியா?"