நாச்சிமுத்து வைத்த ஆறு காவல்

அன்று எங்கள் மடத்தின் கணினி அறையில் இருந்தவர்கள்: ஆசிரியை மரகதம்மாள். சீடர் நாச்சிமுத்து. சமையல் பார்க்கும் தெய்வானை. தோட்டம் பார்க்கும் கருப்பணன். வேன் ஓட்டும் லூர்து. வெளியூரிலிருந்து வந்திருந்த பாவாத்தாள். மணி அடிக்கிற நான்.

ஆக ஏழு பேர்.

நாச்சிமுத்து கேட்டார்: “ஏனுங்கம்மா, எல்லாம் சரியா இருக்கிற ஒண்ணு எப்படீங்க நகராம நிக்கும்?”

மரகதம்மாள் திரையைப் பார்த்தார்.

அதில் நகல் எடுப்பதைக் காட்டும் ஒரு பச்சைக் கோடு விரல்நகம் அளவுக்கு நின்றிருந்தது. அதன் கீழே, மீதி ஒன்பது மணி நேரம் என்று இருந்தது.

பாவாத்தாளின் தம்பி சென்னியப்பன் மடத்தில் இருந்தவர். போன தை மாதம் இறந்துபோனார். செவ்வாய்க்கிழமை வகுப்புகளில் அவர் கேட்ட கேள்விகள் அவர் குரலிலேயே இந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. வேறெங்கும் இல்லை. அவற்றைப் பென் டிரைவில் வாங்கிப்போக அக்கா வந்திருந்தார்.

இது மூன்றாவது முறை. மறுநாள் அவர் மகனோடு சூரத்துக்குப் போகிறார். அங்கேயே தங்கப்போகிறார். கடைசிப் பஸ் ஐந்து மணிக்கு.

அப்போது மூன்றேகால்.

“கொஞ்சம் ஓட விட்டாவது காட்டுங்க தம்பி. காதுல கேட்டுட்டாவது போறேன்,” என்றார் பாவாத்தாள்.

நாச்சிமுத்து அழுத்தினார்.

ஓர் இருமல் வந்தது. “அம்மா, ஒண்ணு…” என்றது குரல். நின்றுவிட்டது. திரையில் வட்டம் சுற்றியது.

பாவாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “போன தடவையும் ‘ஒண்ணு’ வரைக்கும்தான் வந்துச்சு.”

லூர்து கேட்டார்: “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனீங்களா?”

“லூர்து, இன்னொரு தடவை அதைச் சொன்னீங்கன்னா உங்க வேன் சாவி கெணத்துக்குள்ள கிடக்கும்,” என்றார் நாச்சிமுத்து.

“கெணத்துல தண்ணி இல்லீங்க,” என்றார் கருப்பணன். “இறங்கி எடுத்துக்கலாம்.”

யாரும் சிரிக்கவில்லை.

மரகதம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “மொதல்ல இருந்து சொல்லுங்க நாச்சிமுத்து.”

“மொதல்ல டிஸ்க்குக்குப் போற ஒயர் கெட்டிருந்துச்சுங்க. மாத்திட்டேன். அன்னைக்கே சரியாயிருக்கணும். எடமும் பாதிக்கு மேல சும்மா கிடக்குது. உனக்கு என்ன நோவுன்னு டிஸ்க்கையே கேட்டுப் பாத்தேன். ஒரு நோவும் இல்லைன்னு சொல்லுது. விண்டோஸா இருந்தா வைரஸ்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். இது லினக்ஸுங்க. திட்டறதுக்குக்கூட ஆள் கிடைக்கலை.”

“அப்புறம் என்ன செஞ்சீங்க?”

“நீங்க சொல்லிக் குடுத்ததைத்தானுங்கம்மா செஞ்சேன். கவனிச்சேன்.”

எங்கள் மடத்தில் பாடம் அது ஒன்றுதான். கோபம் வந்தால் கவனி. பசி வந்தால் கவனி. எதையும் விரட்டாதே. பக்கத்தில் உட்கார்ந்து கவனி.

“எப்படிக் கவனிச்சீங்க?”

“நான் தூங்கறப்பவும் கவனிக்கணுமில்லீங்களா? அதனால காவலுக்கு புரோகிராம் எழுதி வெச்சேன். அக்கா மொதல் தடவை வந்துட்டுச் சும்மா போனப்ப மூணு. ரெண்டாவது தடவை போனப்ப இன்னும் மூணு. கணினியைப் போட்டதுமே ஆறும் தானா எந்திரிச்சு வேலைக்கு வந்துரும்.”

அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“அதுக என்ன செய்யும்?”

“ஒண்ணு, நிமிஷத்துக்கு ஒரு தடவை டிஸ்க்கை மடமடன்னு படிச்சுப் பாத்து என்ன வேகம்னு சொல்லும். ஒண்ணு, எங்காவது கெட்ட எடம் இருக்குதான்னு மூலை முடுக்கெல்லாம் தேடும். இன்னொண்ணு பெரிய ஃபைலா ஒண்ணு எழுதிப் பாக்கும், அழிக்கும், மறுபடியும் எழுதும். நாலாவது, ஒவ்வொரு ஃபைலாத் திறந்து முழுசா இருக்குதான்னு சரிபார்க்கும். அஞ்சாவது, யார் யார் டிஸ்க்கைத் தொடறாங்கன்னு எழுதி வைக்கும்.”

“எங்க எழுதி வைக்கும்?”

“டிஸ்க்குலதானுங்க.”

“ஆறாவது?”

“மத்த அஞ்சும் ஒழுங்கா ஓடுதான்னு பாக்கும். எதாவது நின்னுபோனா எழுப்பி விடும்.”

“இத்தனையும் வெச்சு என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?”

“வரவர ரொம்ப மெதுவாகுதுன்னு தெரிஞ்சுதுங்க. அதுல சந்தேகமே இல்லை.”

மரகதம்மாள் நெற்றியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணை மூடியிருந்தார். அது தியானம் மாதிரி தெரியவில்லை.

பாவாத்தாள் எங்கள் எல்லோரையும்விட மூத்தவர். அவர் மட்டும்தான் ஆசிரியையை அம்மணி என்று கூப்பிடுவார். “அம்மணி, முடியாதுன்னா சொல்லிருங்க. நேரத்தோட கிளம்பறேன்.”

“இருங்கக்கா,” என்றார் மரகதம்மாள். “தெய்வானை, சட்னிக்கு வெச்ச கடலைக்காயை எடுத்துட்டு வாங்க.”

தெய்வானை முறத்தோடு கொண்டுவந்தார். மரகதம்மாள் அதை நாச்சிமுத்துவின் மடியில் வைத்தார்.

“உரிங்க.”

“இப்பவுங்களா? அக்காவுக்குப் பஸ்ஸு…”

“உரிங்க.”

பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பினார். “நீங்கெல்லாம் இவரைக் கவனிங்க. தெய்வானை, ஒரு காய் உடைச்சதும் கையைப் பிடிச்சு, எத்தனை ஆச்சுன்னு கேளுங்க. கருப்பணன், உரிச்சு வெச்ச பருப்பை அவரையே எடுத்துக் காட்டச் சொல்லுங்க, சொத்தை இருக்குதான்னு. லூர்து, அவர் எவ்வளவு வேகம்னு பாக்கணும். ஒரு காயைக் குடுத்து உரிக்கச் சொல்லுங்க. உரிச்சதும் வெளிய வீசிட்டு அடுத்ததைக் குடுங்க.”

கடைசியாக என்னைப் பார்த்தார். “நீங்க, இந்த மூணு பேரும் சரியாப் பாக்கறாங்களான்னு அவர்கிட்டயே கேளுங்க.”

எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

நாச்சிமுத்து ஒரு காயை உடைத்தார். தெய்வானை மணிக்கட்டைப் பிடித்தார். “எத்தனைங்க?”

“ஒண்ணு.”

“அதைக் காட்டுங்க,” என்றார் கருப்பணன். “திருப்பிக் காட்டுங்க. இந்தப் பக்கம்.”

“இந்தாங்க, இதை உரிங்க,” என்றார் லூர்து. உரித்ததை வாங்கி ஜன்னல் வழியாக எறிந்தார். “பரவாயில்லை. இன்னொண்ணு.”

“இவங்க மூணு பேரும் சரியாக் கவனிக்கறாங்களா?” என்று நான் கேட்டேன்.

“கவனிக்கறாங்க.”

“எத்தனைங்க?”

“அதேதான்! இன்னும் உரிக்கவே இல்லியே!”

“மொதல்ல காட்டுனதை மறுபடியும் காட்டுங்க. நடுவுல சொத்தை விழுந்திருந்தா?”

“இதையும் உரிங்க. இது கொஞ்சம் பெருசு.”

நான் மறுபடி வாயைத் திறந்தேன்.

நாச்சிமுத்து முறத்தைத் தரையில் தட்டி வைத்துவிட்டு எழுந்தார். “யோவ், உரிக்க விடுங்கய்யா!”

மடத்தில் யாரும் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

முறத்தில் உரித்த பருப்பு இரண்டு கிடந்தது.

“கடலைக்காயில ஏதாவது கோளாறுங்களா?” என்று கேட்டார் மரகதம்மாள்.

“இல்லீங்க.”

“உங்க கையில?”

நாச்சிமுத்து தன் கையைப் பார்த்தார். பிறகு மெல்லக் கணினியின் பக்கம் திரும்பினார்.

அதன்பின் அவர் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. விசைப்பலகை முன்னால் உட்கார்ந்து, முதலில் ஆறாவது காவலை நிறுத்தினார். இல்லாவிட்டால் மற்றவற்றை அது எழுப்பிவிடும். பிறகு ஒவ்வொன்றாக நான்கை நிறுத்தினார்.

வேகம் பார்க்கும் காவலிடம் வந்ததும் தயங்கினார்.

“அம்மா, இது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமுங்களா? சரியாயிருச்சான்னு பாக்கறதுக்கு.”

“தெய்வானை,” என்றார் மரகதம்மாள்.

தெய்வானை அவர் வலது மணிக்கட்டைப் பிடித்தார்.

நாச்சிமுத்து இடது கையால் அதையும் நிறுத்தினார்.

கணினிப் பெட்டிக்குள் அதுவரை இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருந்த கரகர சத்தம் அடங்கியது. அப்படி ஒரு சத்தம் இருந்ததே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பச்சைக் கோடு நகர்ந்தது. மீதி ஆறு நிமிடம் என்று வந்தது.

எல்லோரும் குனிந்தோம்.

“எவ்வளவு ஆச்சு?” என்றார் லூர்து. சொன்னதும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

மரகதம்மாள் வாசலைக் காட்டினார்.

“நான் கூட இருந்து பாத்துக்கணுமில்லீங்களா?” என்றார் நாச்சிமுத்து.

மரகதம்மாள் கையை இறக்கவில்லை.

நாச்சிமுத்து முதல் பதிவை அழுத்திவிட்டு வெளியே வந்தார். தெய்வானை முறத்தை எடுத்துக்கொண்டார். லூர்து வேனைத் திருப்பி நிறுத்தப் போனார். கருப்பணன் ஜன்னலுக்கு வெளியே விழுந்த பருப்பைப் பொறுக்கினார். கடைசியாக மரகதம்மாள் வந்து கதவைச் சாத்தினார். அது முழுதாகச் சேரவில்லை.

நாலு மணி ஆகியிருந்தது. மணி அடிக்கிற நேரம். நான் கயிற்றைப் பிடித்தேன்.

மரகதம்மாள் என்னைப் பார்த்தார். கயிற்றை விட்டேன்.

உள்ளே ஓர் இருமல் கேட்டது.

“அம்மா, ஒண்ணு கேக்கணும். யாரும் சிரிக்கக் கூடாது.”

“கேளு கண்ணு,” என்றார் பாவாத்தாள்.

அறையில் மிச்சம் எத்தனை பேர் என்று எண்ணினேன். சென்னியப்பனைச் சேர்ப்பதா என்று யோசித்தேன். சேர்க்கவில்லை.

ஒருவர்.