தவிட்டியின் வயிற்றுக் காவல்காரர்கள்

மூங்கிலோடைக் கரையில் தவிட்டி என்றொரு பெண் கடமான் இருந்தது. அதன் வயிற்றில் மூன்று மாதக் குட்டி. போன மழைக்காலத்தில் ஒரு கரு கலைந்து போயிருந்தது. அதனால் இந்த முறை இலை அசைந்தாலும் தவிட்டிக்குத் திக்கென்றது.

ஒருநாள் ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது வக்கணையன் என்ற நரி பேச்சுக் கொடுத்தது.

"தங்கச்சி, போன மாசம் உன் கால்ல முள் ஏறிச்சே. சீழ் வெச்சுதா?"

"வெச்சுது அண்ணே. அந்தச் சீழோட முள்ளும் வெளியே வந்துடுச்சு."

"யார் தள்ளினது? உன் ரத்தத்துல காவல்காரங்க இருக்காங்க. வெளியாள் எது நுழைஞ்சாலும் அடிச்சுக் கொல்லுவாங்க. உன் குட்டியில பாதி அதோட அப்பன்! அப்போ அவங்களுக்கு அது யாரு?"

தவிட்டி துள்ளிப் பின்வாங்கியது. "ஐயோ! என் வயித்துக்குள்ளேயே கொலைகாரங்களா!"

"போன குட்டி எப்படிப் போச்சுன்னு நினைச்சே?" நரி குரலைத் தாழ்த்தியது. "அந்தப் பாறையில படர்ந்திருக்கே உறக்கக்கொடி, அதைத் தினமும் தின்னு. அத்தனை பேரும் தூங்கிடுவாங்க!"

அன்றே தவிட்டி தின்னத் தொடங்கியது. கசப்பில் குமட்டியது. குட்டிக்காகப் பொறுத்துக்கொண்டது. நடுவில் காதை ஒரு முள் கிழித்தது. வீக்கமும் இல்லை, சீழும் இல்லை. ஆனால் புண் ஆறாமல் ஈ மொய்த்தது. 'நல்லா தூங்குறாங்க!' என்று தவிட்டி சந்தோஷப்பட்டது.

பத்தாம் நாள் காலையிலிருந்து குட்டி அசையவே இல்லை.

காட்டில் பிரசவம் பார்க்கும் மந்தி அங்காயியிடம் தவிட்டி அலறிக்கொண்டு ஓடியது. அங்காயி மரத்திலிருந்து குதித்து வயிற்றில் காதை வைத்தது. இடம் மாற்றி மாற்றிக் கேட்டது.

"உயிர் இருக்கு. ஆனா பட்டினி கிடக்குது. என்னத்தைத் தின்னே?"

தவிட்டி எல்லாவற்றையும் சொன்னது. அங்காயி தலையில் அடித்துக்கொண்டது.

"அடிப்பாவி! நஞ்சுக்கொடி வேர் விடுற இடத்துக்கு அந்தக் காவல்காரங்கதான் ஓடிப்போய் நிக்கிறாங்க. கடிக்க இல்லடி! ஒடுங்கிக் கிடக்கிற ரத்தக் குழாய்களை அகலமாக்கி விட! அந்த வழியாத்தான் குட்டிக்குச் சாப்பாடே போகுது. அவங்களைத் தூங்க வெச்சுட்டியே!"

தவிட்டி தன் வயிற்றைத் திரும்பிப் பார்த்தது. "அப்போ பட்டினி போட்டது... நானா?"

பிறகு மெல்லக் கேட்டது: "பாதி வெளியாள்னு அவங்களுக்குத் தெரியாதா அக்கா?"

"தெரியும். தெரிஞ்சுதான் இடம் விடுறாங்க."

"போன குட்டி?"

"அது ஏன் போச்சுன்னு எனக்குத் தெரியாது. அந்த நரிக்கும் தெரியாது! ஆனா மெலிஞ்சு பிறக்கிற குட்டி எழுந்து ஓடாதுன்னு மட்டும் அதுக்கு நல்லாத் தெரியும்."

தவிட்டி அதன் பிறகு அந்தப் பாறைப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் காதுப் புண் வீங்கியது. விண்விண்ணென்று வலித்தது. 'முழிச்சுட்டாங்க!' என்று வலியோடு வலியாகத் தவிட்டி அழுது சிரித்தது. மறுநாள் வயிற்றுக்குள் ஒரு உதை!

மாதம் நிறைந்து குட்டி பிறந்தது. சிறிய குட்டிதான். ஈரம் காய்வதற்குள் புதரிலிருந்து நரி பாய்ந்தது! தவிட்டி திரும்பி விட்ட உதையில் அதன் தாடை பிளந்தது. நரி ஊளையிட்டுக்கொண்டு ஓடையைத் தாண்டி ஓடியது. தவிட்டி திரும்பிப் பார்த்தது. குட்டி நாலு காலையும் பரப்பி, ஆடி ஆடி எழுந்து நின்றிருந்தது.

நம்மைக் காப்பவர்களைக் கொலைகாரர்கள் என்று ஒருவன் சொன்னால், அதை நம்புவதற்கு முன் அவனுக்கு அதில் என்ன லாபம் என்று பார்க்க வேண்டும்.